கண்மாய் உள்வாயில் ஒரு கோரை: வாழிடம் குறித்த ஒரு வாதம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களை ஈரநிலம் என்று சொல்லத் தாவரவியலுக்குத் தயக்கமில்லை, சட்டத்துக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. 1971இல் கையெழுத்தான ராம்சர் உடன்படிக்கையோ இயற்கையானது, செயற்கையானது என்று பிரிப்பதில்லை. ஆண்டு முழுதும் நிற்கும் நீரும் சில மாதமே நிற்கும் நீரும் அதன் வரையறைக்குள் அடங்கும். இரண்டில் எது களத்துக்குப் பொருந்துகிறது என்பதை ஒரே ஒரு கோரையைக் கொண்டு சோதித்துவிடலாம்.

நான் எடுத்துக்கொள்வது ஸ்கீனோபிளெக்டியெல்லா ஆர்ட்டிகுலாட்டா. லின்னேயஸ் 1753இல் ஸ்கிர்பஸ் பேரினத்தில் வைத்த இந்தச் சிற்றினம், 2003இல் தாவரவியலாளர் லை அமைத்த புதிய பேரினத்தில் இன்று இடம்பெறுகிறது. பாய் முடையும் சைப்பரஸ் பங்கோரையோ, வயலில் கிழங்குவிட்டு உழவரை அலைக்கழிக்கும் சைப்பரஸ் ரொட்டண்டஸோ அல்ல இது. கொத்தாக எழும் உருண்டைத் தண்டுகள். இலை என்று சொல்ல அடியில் உறை மட்டுமே உண்டு. ஒளிச்சேர்க்கை முழுவதும் பசுந்தண்டின் பொறுப்பு. தண்டின் உட்புறம் குறுக்குத் தடுப்புகளால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். விரலால் நீவினால் அத்தடுப்புகள் கணுப்போல் நெருடும். காற்றில்லாச் சேற்றில் புதைந்த வேருக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும் வழி இவ்வறைகள்தான். பூங்கொத்து தண்டின் பக்கவாட்டில், பாதிக்கும் கீழே முளைத்ததுபோல் தோன்றுவது ஒரு தோற்றமயக்கம். உண்மையில் தண்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிமிர்ந்து நிற்பது பூவடிச்செதில். புதிதாகக் கோரை படிப்பவர் தடுமாறும் முதல் இடம் இதுவே.

இந்த உடலமைப்பு நீரில் நிற்பதற்கு உரியது. ஆனால் விதை முளைப்பதன் தேவை வேறு. சதுப்புநிலச் சேற்றில் உறங்கும் விதை வைப்பைப் பற்றி வான் டெர் வால்க், டேவிஸ் இருவரும் அமெரிக்கப் புல்வெளிச் சதுப்புகளில் ஆய்ந்து 1978இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைத் தெளிவாக்கியது: நீரில் நிமிர்ந்து நிற்கும் தாவரங்களில் பெரும்பாலானவை, நீர் வடிந்து சேறு வெளிப்படும்போதுதான் விதையிலிருந்து புதிதாக எழுகின்றன. நம் கண்மாய் அந்த வடிதலை ஆண்டுதோறும் நடத்திக்காட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மடை திறப்பதாலும் வெயிலாலும் படிப்படியாக இறங்கி, கோடையில் உள்வாய், அதாவது நீர் நிற்கும் உட்பரப்பு, காய்ந்து வெடிக்கிறது. நீர் பின்வாங்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சேற்றுவிளிம்பு திறக்கிறது. ஆகவே இக்கோரையின் வாழிடம் ‘நீர்’ என்பதைவிட, நீர் இறங்கும் சரிவு என்பதே பொருத்தம். அச்சரிவை உண்டாக்கியது கரை. அதன் வேகத்தைப் பெருமளவு வகுப்பது மடை. இரண்டும் மனிதர் செய்தவை. செயற்கை என்பதால் கண்மாயை ஒதுக்கும் விதி, இச்செடியின் வாழிடத்தை உருவாக்கிய காரணத்தையே தகுதிக்குறைவாக எண்ணுகிறது.

பாசனக் கண்மாயில் கோரைக்காக நீர்க்கொள்ளளவை விட்டுக்கொடுக்க முடியுமா என்று ஆயக்கட்டுதாரர் கேட்பார். நியாயமான கேள்வி. வண்டல் சேர்ந்தால் கொள்ளளவு குறையும், தூர்வார வேண்டியதுதான். ஊரார் கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்தைத் தமிழக அரசு 2017இல், ஈரநில விதிகள் வந்த அதே ஆண்டில், திட்டமாக மீட்டது தற்செயல் ஒற்றுமை. ஆனால் பொக்லைன் உள்வாயில் இறங்கும்போது விதியில் இல்லாத செடியைக் கேட்பாரில்லை. சிக்கல் எங்கே வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. விதை வைப்பு சேற்றின் மேலடுக்கில் கிடப்பது. வரத்து வந்து சேரும் ஆழமற்ற மேற்கோடியைச் சமமாகச் சுரண்டினால் வைப்பும் போகிறது, சரிவும் போகிறது. பிறகு நீர் வடியும்போது சேறு விளிம்பு விளிம்பாக வெளிப்படாமல் ஒரேயடியாகக் காய்கிறது.

இதற்கு மாற்று இம்மாவட்டத்திலேயே கல்லில் நிற்கிறது. குமிழித்தூம்பு எனப்படும் இடைக்காலக் கல்மடைகள் கரைக்குச் சற்று உள்ளே, ஆழப்பகுதியில் நிறுத்தப்பட்டவை; நீரோடித் துளைக்குக் கீழே சேறோடித் துளைகள் வைத்து, பாசன நீரோடு வண்டலையும் வயலுக்கு அனுப்பின. அதாவது வண்டல் கழிந்தது ஆழத்தில்; மேற்கோடிச் சரிவு அப்படியே நின்றது. கொள்ளளவின் பெரும்பங்கும் கரையை ஒட்டிய ஆழத்தில்தான் உள்ளது. எனவே தூர்வாரும் மதிப்பீட்டில் அகழ்வைக் கரைப்பக்கத்தோடு நிறுத்தி, மேற்கோடியை வெட்டாப் பகுதியாக வரைபடத்தில் குறித்துக்கொடுத்தால், ஆயக்கட்டுதாரர் இழப்பது சொற்பம். அக்குறிப்புக்குச் சட்டவலு கிடைக்க, 2017 விதிகளின் பாசன விலக்கு திருத்தப்பட வேண்டும்.