இ-சிம் புரொஃபைல்களைக் கையாளும் எல்பிஏ மென்பொருள்

இ-சிம் உள்ள கைபேசியில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பை இறக்கி நிறுவவும், இயக்கவும், நிறுத்தவும், அழிக்கவும் உதவும் மென்பொருள் எல்பிஏ எனப்படுகிறது. ‘லோக்கல் புரொஃபைல் அசிஸ்டன்ட்’ என்பதன் சுருக்கம் இது. அமைப்புகள் பகுதியில் பயனர் காணும் சிம் திரை இதன் முகப்பு மட்டுமே. பெரும்பகுதி வேலை திரைக்குப் பின்னால், ஒருபுறம் நிறுவனத்தின் சர்வரோடும் மறுபுறம் கைபேசிக்குள் இருக்கும் சில்லோடும் நடக்கிறது.

அந்தச் சில்லு பெரும்பாலும் கைபேசியின் மின்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஈஐடி என்ற 32 இலக்க எண் அதன் அடையாளம். பிளாஸ்டிக் சிம் அட்டையில் இருப்பவை அனைத்தும், அதாவது சந்தாதாரரின் ஐஎம்எஸ்ஐ எண், வலையமைப்புக்கும் சிம்முக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சாவி, நிறுவனத்தின் கோப்புகள், சிறு செயலிகள் ஆகியவை ஒரே மின்தொகுப்பாகச் சேர்ந்ததே புரொஃபைல். சில்லுக்குள் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனி அறை உண்டு. ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றொன்று பார்க்க முடியாது.

இவற்றுக்கான விதிகளை ஜிஎஸ்எம்ஏ அமைப்பு வகுக்கிறது. இயந்திரங்களுக்காக முதலில் வந்த முறையில் சர்வரே தொலைவிலிருந்து புரொஃபைலை மாற்றியது. கருவியின் பக்கம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தனிமனிதர் கையில் இருக்கும் போனுக்கு அது பொருந்தாது. எந்த இணைப்பு வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அதனால் 2016-இல் வெளிவந்த எஸ்ஜிபி.22 விதித்தொகுப்பு எல்பிஏவை நடுவில் நிறுத்தியது. ஆண்ட்ராய்டு 9 பதிப்பிலிருந்து இதற்கான பொதுக் கட்டமைப்பு அந்த இயங்குதளத்திலேயே உள்ளது. அங்கே எல்பிஏ சிறப்பு அனுமதி பெற்ற ஓர் இயங்குதளச் செயலி. சாதாரணச் செயலிகள் அதன் வழியாகத்தான் சில்லை அணுக முடியும். ஐபோனில் இதே பணி 2018-இல் வந்த எக்ஸ்எஸ் வரிசையிலிருந்து ஐஓஎஸ்ஸின் பகுதியாக இருக்கிறது.

புதிய இணைப்பு பெறுபவர் வருடும் கியூஆர் குறியீட்டில் புரொஃபைல் இல்லை. எஸ்எம்-டிபி பிளஸ் எனப்படும் சர்வரின் முகவரியும், அங்கே காத்திருக்கும் புரொஃபைலைச் சுட்டும் ஓர் அடையாளச் சொல்லும் மட்டுமே அதில் உள்ளன. எல்பிஏ முதலில் சில்லிடமிருந்து ஒரு தற்செயல் எண்ணைப் பெற்று சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைக் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. சில்லு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்தபின் தன் கையொப்பத்தைத் தருகிறது. ஜிஎஸ்எம்ஏ ஏற்ற மூலச் சான்றிதழிலிருந்து இரு தரப்பின் சான்றிதழ்களும் கிளைத்திருந்தால் மட்டுமே அடுத்த படி. பிறகு நிறுவனத்தின் பெயரைத் திரையில் காட்டி எல்பிஏ பயனரின் சம்மதத்தைக் கேட்கிறது. சில நிறுவனங்கள் தனியாக ஓர் உறுதிக் குறியீட்டையும் கேட்கும்.

சம்மதம் கிடைத்ததும், குறிப்பிட்ட அந்தச் சில்லு மட்டுமே திறக்கக்கூடியபடி சர்வர் புரொஃபைலைப் பூட்டி அனுப்புகிறது. எல்பிஏ அதைத் துண்டு துண்டாகச் சில்லுக்குள் செலுத்துகிறது. பிரிக்க முடியாத உறையைச் சுமக்கும் தபால்காரரின் நிலைதான் அதற்கு. இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த முடிவு இதுவே: எல்பிஏவை ஒருவர் முழுவதும் கைப்பற்றினாலும் ரகசியச் சாவி அவருக்குக் கிடைக்காது. எல்பேக் என்ற திறமூல எல்பிஏவை எவரும் எடுத்துப் படிக்க முடிவதும், அதனால் பாதுகாப்பு குலையாமலிருப்பதும் இதனால்தான்.

நிறுவப்பட்ட புரொஃபைல் உடனே வேலை செய்வதில்லை. அதை இயக்க வேண்டும். எஸ்ஜிபி.22-இன் இரண்டாம் பதிப்பில் ஒரு சில்லில் ஒரு நேரத்தில் ஒரு புரொஃபைலே இயங்கும். புதியதை இயக்கினால் பழையது நின்றுவிடும். பின்னர் மோடம் புதிய ஐஎம்எஸ்ஐ எண்ணைப் படித்து வலையமைப்பில் மீண்டும் பதிவாகிறது. மாறும்போது சிறிது நேரம் சிக்னல் இல்லாமல் போவது இதனால்தான். ஒரே சில்லில் பல புரொஃபைல்களை ஒருசேர இயக்கும் வசதியை மூன்றாம் பதிப்பு சேர்த்தது. ஆண்ட்ராய்டு 13 அதை ஏற்றது.

அழிப்பதில் கவனம் தேவை. இயங்கும் புரொஃபைலைச் சில்லு அழிக்க விடாது. முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தக்கூடாது, அழிக்கக்கூடாது என்ற விதிகளை நிறுவனமே புரொஃபைலுக்குள் எழுதிவைக்கவும் வழியுண்டு. அழித்தபின் கைபேசியில் பிரதி எதுவும் மிஞ்சாது; நிறுவனம் மறுபடி வழங்கினால்தான் உண்டு. நிறுவல், இயக்கம், நிறுத்தம், அழிப்பு ஆகியவற்றுக்குச் சில்லு அறிவிப்புகளை உருவாக்கி வைத்திருக்கும். எல்பிஏ அவற்றைச் சர்வரிடம் சேர்க்க வேண்டும். அதற்கு இணையம் தேவை. இருந்த ஒரே இணைப்பையும் அழித்த கைபேசியில் வைஃபை கிடைக்கும்வரை அந்த அறிவிப்பு தேங்கி நிற்கும். அதுவரை நிறுவனத்தின் பதிவேட்டில் புரொஃபைல் பழைய சில்லிலேயே இருப்பதாகத் தெரியும். வேறு போனுக்கு மாற்றுபவர்கள் சந்திக்கும் தடைகளில் சில இங்கேதான் தொடங்குகின்றன.

கைபேசியை ஆலைநிலைக்கு மீட்டமைக்கும்போது புரொஃபைல்கள் தானாகவே அழிந்துவிடும் என்று கருதக்கூடாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இ-சிம்மை அழிப்பது தனித் தேர்வு. போனை விற்பவர் அதையும் குறிக்க வேண்டும்.

திரையோ பயனரோ இல்லாத மீட்டர்கள், உணரிகள் போன்றவற்றுக்கு எல்பிஏ பொருந்தாது. அவற்றுக்காக 2023-இல் வெளிவந்த எஸ்ஜிபி.32 விதித்தொகுப்பில் அதன் இடத்தை ஐபிஏ என்ற எளிய மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கட்டளைகள் தொலைவில் உள்ள ஒரு மேலாண்மை சர்வரிலிருந்து வருகின்றன.