கடல்கொண்ட குமரிநாடு: இருப்பிடம் பற்றிய கொள்கைகள்

கடல்கொண்ட குமரிநாடு என்பது பாண்டியர் ஆட்சியில் இருந்து கடற்கோளில் மறைந்ததாகத் தமிழ் மரபு கூறும் நிலப்பகுதி. குமரிக்கண்டம் என்பதே இன்று பெருவழக்கான பெயர். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அது பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்று. மூழ்கிய நிலத்துக்கு அப்பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இந்நிலத்தின் பரப்பை ஒரு சிறு தாலுகா அளவு என்றவரும் உண்டு, இந்தியப் பெருங்கடல் முழுவதும் என்றவரும் உண்டு.

மூலச் சான்றுகள் மிகச் சுருக்கமானவை. புறநானூறு பஃறுளி ஆற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சிலப்பதிகாரம் அந்த ஆற்றோடு குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. நிலம் இழந்த பாண்டியன் சேர சோழரிடமிருந்து ஈடு தேடிக்கொண்டதாக முல்லைக்கலி சொல்கிறது. விரிவெல்லாம் உரைகாரர்கள் தந்தது. இறையனார் அகப்பொருள் உரை முதற்சங்கத்தைக் கடல்கொண்ட மதுரையிலும் இடைச்சங்கத்தைக் கபாடபுரத்திலும் வைத்து, முறையே 4,440, 3,700 ஆண்டுகள் என்று கணக்கும் சொல்கிறது. அடியார்க்குநல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம் என்றார். ஏழு தெங்க நாடு, ஏழு மதுரை நாடு என்று தொடங்கி 49 நாடுகளைப் பட்டியலிட்டார். காவதம் எத்தனை மைல் என்பதில்தான் பிற்காலச் சண்டையில் பாதி அடங்கியிருக்கிறது. பத்து மைல் என்று கொண்டால் 700 காவதம் ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். குமரிமுனையிலிருந்து நேர்தெற்கே அளந்தால் அது தென்துருவத்தில் போய் முடியும்.

இரண்டாவது கொள்கை பாடலிலிருந்து வரவில்லை, பாறையிலிருந்தும் விலங்கிலிருந்தும் வந்தது. இதில் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு, அதாவது கள்ளக்குறிச்சி ஒரு தாலுகாவாக இருந்த மாவட்டத்துக்கு, நேரடிப் பங்கு உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகளைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அதே காலத்தில் சேலம், தென்னாற்காடு பகுதிகளின் பாறை அமைப்பை எழுதினார்கள். 1864-இல் லண்டனில் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கு இந்தியாவில் உறவினங்கள் இருப்பதை விளக்க ஒரு மூழ்கிய கண்டத்தை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். பிளான்ஃபோர்டோ 1875-இல் இந்தியாவின் தாவரப் படிமப் பாறைகளைத் தென்னாப்பிரிக்கப் பாறைகளோடு ஒப்பிட்டு, இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்தது என்றார். ஆனால் அவர் கணக்கில்கூட அந்த இணைப்பு மயோசீன் காலத்தோடு முடிந்துவிட்டது. அங்கே பாண்டியனும் இல்லை, புலவரும் இல்லை.

இரு கொள்கைகளும் கலந்தது அதன் பிறகு. ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் லெமூரியாவை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். சார்லஸ் மெக்லீன் தொகுத்த சென்னை மாகாண நிர்வாகக் கையேடு (1885) அதைத் திராவிடரின் ஆதித் தாயகம் என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பிளாவட்ஸ்கியின் பிரம்மஞான நூல் (1888) தன் பங்குக்கு மாயத்தையும் சேர்த்தது. பரிதிமாற் கலைஞர் 1903-இல் தமிழ்மொழியின் வரலாறு எழுதியபோது குமரிநாடும் லெமூரியாவும் ஒன்றே என்ற எண்ணம் தமிழறிஞரிடையே வேரூன்றத் தொடங்கியிருந்தது.

எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிடவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில் 1916 வாக்கில் எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி, அடியார்க்குநல்லார் சொன்ன நிலம் ஒரு சிறு தாலுகா அளவுக்கு மேல் போகாது என்று வாதிட்டார். கள்ளக்குறிச்சித் தாலுகா ஒன்றைக் குமரிமுனைக்குத் தெற்கே ஒட்டிப் பார்த்தால் அவர் மனத்தில் இருந்த அளவு பிடிபடும். குமரிநாட்டின் முதல் தமிழ் வரைபடம் வெளிவந்தது பெருநிலக் கொள்கையை மறுத்த இந்தக் கட்டுரையில்தான். தம் கணிப்பையும் அ. சண்முகம் பிள்ளையின் கணிப்பையும் அவர் அதில் காட்டியிருந்தார். பின்னர் யாழ்ப்பாணத்து ந. சி. கந்தையாபிள்ளை, புலவர் குழந்தை (1946), இரா. மதிவாணன் (1977) எனப் படங்கள் பெருகின. படம் பெருகப் பெருக நிலமும் வளர்ந்தது. மறுப்புரையை நினைவில் வைத்தவர் குறைவு.

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர், மனித இனமும் தமிழும் தோன்றிய இடம் குமரிநாடே என்பதைத் தம் சொல்லாராய்ச்சியின் அடித்தளமாகவே வைத்தார். அவரது செல்வாக்கு இன்றும் குறையவில்லை. 1981-இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில், ப. நீலகண்டன் இயக்கத்தில் அரசு எடுத்த குமரிக்கண்ட ஆவணப்படம் திரையிடப்பட்டது. அதே ஆண்டில் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ என்று குறிக்கும் தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. அசோகர் கல்வெட்டின் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய வழக்கு அந்த ஒற்றை வரியில் தீர்ந்தது. குமரிநாட்டு வழக்குக்கு அப்படி ஒரு வரி வாய்க்கவில்லை.

இடைச்சங்கக் கபாடபுரத்தைப் பொருநை முகத்துவாரத்தில் கொற்கைப் பக்கம் தேடியவர்களும் உண்டு. கரையோரக் கொள்கைக்கு அறிவியல் ஆதரவு ஓரளவு இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாகவும் குமரிமுனைக்குத் தெற்கே நிலம் நீண்டும் இருந்தன. பூம்புகாருக்கு வெளியே 23 மீட்டர் ஆழத்தில் கோவா தேசியக் கடலியல் நிறுவனம் கண்ட குதிரைலாட வடிவ அமைப்பை, எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் 2002-இல் பனியுகக் கட்டடம் என்று எழுதினார். அவர் காலம் கணித்தது ஆழத்தை வைத்து மட்டுமே. கரை அரிப்பையும் நிலத்தாழ்வையும் விட்டுவிடும் இக்கணிப்பு வலுவற்றது. ஓதப் பகுதியில் உறுதியாகக் கிடைத்த செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் வரலாற்றுக் காலத்தவை.

கண்டம் மூழ்கியது என்ற கொள்கையை 1960களின் நிலத்தட்டுக் கோட்பாடு முடித்துவைத்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. தென்னகப் பாறை மிகப் பழையது, ஆகவே முதல் மனிதனும் இங்கேதான் என்ற மேடைவாதமும் நிற்காது: கல்வராயன் மலையை உள்ளடக்கிய வடதமிழகப் பாறைப்பகுதியின் வயது சுமார் 250 கோடி ஆண்டு, நம் மனித இனத்தின் வயது 3 லட்சம். இன்றைய நிலவியலாளரின் விவாதம் வேறு. கல்வராயனுக்குத் தெற்கே சேலம், ஆத்தூர் வழியாகச் செல்லும் உரசல் பட்டையும் (பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்த பகுதி), அதற்கும் தெற்கே பாலக்காடு-காவிரிப் பட்டையும் மடகாஸ்கரின் எந்தக் கோட்டோடு பொருந்துகின்றன என்பதில் அவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.