சாடியில் வளரும் பைக்கஸ் மரத்தில் புடைப்புகள்: எது நோய், எது இயல்பு?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீட்டு விறாந்தைகளிலும் அலுவலகங்களிலும் சாடியில் வளரும் பைக்கஸ் மரங்களைக் காண்கிறேன். இவை நமது ஆல், அரசு, அத்தி மரங்களின் உறவினங்கள். இவற்றில் ஒரு புடைப்பைக் கண்டதும், வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை வீட்டுக்குள் தெளிப்பது ஆபத்தானது. அடைத்த அறையில் அந்த நஞ்சைப் பிள்ளைகளும் சேர்ந்தே சுவாசிக்கிறார்கள். மருந்தை எடுக்குமுன் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள் என்பேன்.

மரத்துக்கு இயல்பானவை மூன்று. தண்டில் வரிசையாகத் தெரியும் சிறு புள்ளிகள் பட்டைவாய்கள். மரம் அவற்றினூடாகவே காற்றை வாங்குகிறது. கிளையிலிருந்து தொங்கும் பழுப்பு நூல்கள் ஆலமரத்துக்கு இருப்பவை போன்ற விழுதுகள். இலைக்காம்பின் அடியில் வரும் சிறு உருண்டைகள் காய்கள். பூக்கள் அவற்றின் உள்ளே மறைந்திருக்கின்றன. இவற்றுக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

சுரண்டியதும் கழன்று வரும் பழுப்பு ஓடுகள் செதில்பூச்சிகள். இலையில் பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்தால் போதும்.

இலை நடுநரம்போடு இரண்டாக மடிந்து, செம்புள்ளிகளுடன் தடித்திருந்தால் விரித்துப் பாருங்கள். உள்ளே 2–3 மில்லிமீற்றர் நீளமான கறுப்புப் பூச்சிகள் இருக்கும். நெல்லைத் தாக்கும் பனிப்பூச்சியின் உறவினம் இது. மடிப்புக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி அகற்றுவதே நல்லது.

உண்மையில் அஞ்ச வேண்டியது, மண்மட்டத்திலோ வெட்டிய இடத்திலோ எழும் கரடுமுரடான, சுரண்டினாலும் கழராத கட்டி. இது பெரும்பாலும் ஒரு பக்ரீரியா நோய். அந்தக் கிருமியை 1907இல் அமெரிக்காவில் அடையாளம் கண்டனர். காயத்தினூடாக நுழைந்து, தன் மரபணுவின் ஒரு பகுதியை மரத்தின் கலத்துக்குள் புகுத்தி, கலங்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கிறது. இதனைக் குணப்படுத்த மருந்தில்லை. மரத்தையும் சாடி மண்ணையும் அகற்றி, வெட்டிய கத்தியைக் கிருமிநீக்கிய பின்னரே மற்ற மரங்களில் பயன்படுத்துங்கள். ஐயம் இருந்தால், கட்டியின் படத்தை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிய பின் முடிவெடுங்கள்.