அடுப்படியில் வெடித்தவை: குற்றம் சுமத்துதலின் ஒரு சிறு வரலாறு

1

2003-இல் ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். வரிசையாக எட்டு வீடுகள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குழாயடியில் புழங்கும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றாவது வீட்டில் குக்கர் வெடித்தது. மூடி கூரை ஷீட்டைப் பிளந்திருந்தது. சுவரெல்லாம் துவரம்பருப்பு. அந்த வீட்டு அக்காவுக்குக் கழுத்திலும் இடது கையிலும் தோல் வழன்றுவிட்டது. கூடிய கூட்டம் மூன்று மொழியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டது. நானும் கேட்டேன்: 'அடுப்புல வச்சிட்டு எங்கக்கா போனீங்க?'

பத்து நாள் கழித்து, கட்டு பிரிக்காத கையோடு அவர் பதில் சொன்னார்: 'எங்கயும் போகல தம்பி. அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். போயிருந்தா எனக்கு ஏன் சுடப்போவுது?'

இவ்வளவு எளிய தர்க்கம் எனக்கு ஏன் எட்டவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் தொடக்கம். சங்கக் கூட்டங்களில் ஆலை விபத்து பற்றிப் பேசும்போது, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற நிர்வாகத்தின் வாதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள் நாங்கள். அதே வாதத்தை அடுப்படியில் ஒரு பெண்ணிடம் கூச்சமில்லாமல் வைத்தோம்.

2

அழுத்தத்தில் சமைக்கும் கலம் ஒன்றை 1679-இல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டினார். அந்தக் கலத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாதுகாப்பு வால்வும் தேவைப்பட்டது. அது வெடிக்கக்கூடிய பொருள் என்பது அது பிறந்தபோதே தெரிந்த விஷயம் என்பதைக் குறித்துக்கொள்வோம். நம் நாட்டில் 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கர் அடுக்குப் பாத்திரங்களை நீராவியில் வேகவைத்தது. ஆனால் அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் இன்றைய பிரஷர் குக்கர் இங்கே தொழிற்சாலைப் பொருளாக வந்தது 1959-இல். பம்பாய்ப் பக்கம் ஹாக்கின்ஸ், தெற்கே பிரிட்டிஷ் நிறுவனத்தின் கூட்டோடு டி.டி.கே.யின் பிரெஸ்டீஜ். பின்னர் பிரெஸ்டீஜின் உற்பத்தி ஓசூர் சிப்காட்டுக்கும் வந்தது.

குக்கர் எதை மாற்றியது? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. திறந்த பானையில் கண்ணும் விரலும் பதம் பார்க்கும். பூட்டிய மூடிக்குள் ஒரு சோற்றை எடுத்துப் பார்க்க முடியாது. பதம், வேக்காடு, கொதி என்ற சொற்களோடு இருந்த அறிவு, 'மூணு விசில்' என்ற எண்ணிக்கைக்கு மாற்றப்பட்டது. கண்ணும் கையும் செய்த வேலையைக் காது ஏற்றுக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத ஒரு பொருளுக்குக் காவல் நிற்பதே சமையலின் ஒரு பகுதி ஆயிற்று.

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டர். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. ஆறு மணி ஷிப்டுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய ஊரில் இந்த இருபத்துச் சொச்சம் டிகிரியின் அர்த்தம் வேறு. ஆலைச் சங்குக்கும் குக்கர் விசிலுக்கும் உள்ள உறவை, உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தி என்று நாம் புத்தகத்தில் படித்தோம். அதைக் காலை நாலரை மணிக்கு எழுந்து செய்துகொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். வீட்டுச் சாதனங்கள் பெருகியும் பெண்ணின் வேலை நேரம் குறையவில்லை என்று அமெரிக்க அனுபவத்தை வைத்து ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதினார். ஜூஜுவாடிக்கு அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வேலையோடு பழியும் அவள் கணக்கில் ஏறியது.

3

குக்கருக்கு முன்னால் வெடித்தது ஸ்டவ். பம்ப் அடிக்கும் கிருஷ்ணாயில் ஸ்டவ். எண்பதுகளின் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி பழக்கமானது. ஸ்டவ் ஏன் மருமகள்களை மட்டும் தேடிப்பிடித்து வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. 1979-இல் தில்லியில் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் 498-ஏ, 1986-இல் வரதட்சணைச் சாவுக்கான 304-பி என்று சட்டம் மாறியதற்குப் பின்னால் அந்தக் கேள்வி இருக்கிறது. (2024 ஜூலை முதல் 304-பி, பாரதிய நியாய சன்ஹிதாவில் 80-ஆம் பிரிவு.)

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு': இங்கே எழுவாய் பொருள், மனிதர் யாரும் இல்லை. 'குக்கரைக் கவனிக்காம விட்டுட்டா': இங்கே எழுவாய் பெண், பொருள் நிரபராதி. மனிதர் குற்றம் செய்த இடத்தில் பல நேரம் பொருள் மேல் பழி. பொருள் பழுதான இடத்தில் பெண் மேல் பழி. முதல் சொல்லாடலை அரசியல் பிரச்சினையாக்கி உடைத்தோம். இரண்டாவதை நாம் தொடவே இல்லை. பொதுப்புத்தியில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

4

விபத்துக்குப் பிறகு, தெருவில் 'குக்கர் ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர்' என்று கூவிக்கொண்டு வரும் ஒருவரை நிறுத்தி அந்த மூடியைக் காட்டினேன். கம்பெனிப் பெயர் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. அப்படி அடைத்தால் அழுத்தம் ஏறும், சூடும் ஏறும், சேஃப்டி வால்வின் நடுவில் உள்ள ஈயம் உருகி வழிவிட வேண்டும். அது உருகவில்லை. அவர் தன் பையிலிருந்து இரண்டு வால்வுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 'பாக்க ரெண்டும் ஒண்ணுதான் சார். உள்ள இருக்கற ஈயந்தான் வேற. இது உருகும், இது உருகாது.' தெரிஞ்சுமா விக்கிறீங்க என்றேன். 'பாதி வெலைக்கு வேணும்னா எதக் குடுக்கறது?' என்றார். அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. லைன் வீட்டின் வருமானத்துக்கும் 'ஒரிஜினல் ஸ்பேர்' என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் அவர் பிழைப்பு இருந்தது.

அந்தக் குக்கரைத் தேர்ந்தெடுத்தவர் அக்காவின் அப்பா, சீர்வரிசையில் வந்தது. வால்வை மாற்றி வாங்கியவர் கணவர். பொருத்தியவர் யாரோ. இந்தச் சங்கிலியில் எந்த முடிவையும் எடுக்காத ஒரே ஆள், அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர்.

பிரெஸ்டீஜின் வரலாற்றிலும் இதே வால்வு வருகிறது. நிறுவனத்தை நடத்திய டி.டி.ஜகந்நாதன் தன் தொழில் அனுபவங்களைச் சொன்ன நூல் 2018-இல் வெளிவந்தது. அவருடைய தொடக்க காலத்தில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்திருக்கிறது. காரணம் சந்தையில் நிறைந்திருந்த போலி சேஃப்டி வால்வுகள். அவர் கண்ட தீர்வு 'காஸ்கெட் ரிலீஸ்' என்ற ஏற்பாடு: மூடியின் விளிம்பில் ஒரு துளை, அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் வளையம் அந்தத் துளை வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். வால்வு போலியாக இருந்தாலும் இன்னொரு வழி இருக்கும்.

ஒரு முதலாளியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. விற்பனை விழுந்துவிடும் என்ற கவலை இல்லாமல் இதெல்லாம் நடக்காது. ஆனால் இதில் உள்ள ஒப்புதல் முக்கியமானது. 'பெண்களே, கவனமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பழுதுபார்க்கும் சந்தை இப்படித்தான் இருக்கும், அடைப்பு ஏற்படத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, கவனத்தின் சுமையை ஆளிடமிருந்து பொருளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கோளாறு பொருளில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. சிப்காட்டின் தொழிற்சாலைக்குள் தெரிந்த இந்த உண்மை, சாலையின் இந்தப் பக்கத்து லைன் வீட்டுக்குப் பேச்சாகக்கூட வந்து சேரவில்லை.

5

2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ். 2347 முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்கக் கூடாது. 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. வீட்டுச் சாதனங்களும் அதன் வரம்பில் வந்தன. இரண்டும் நல்லதே. ஆனால் கடையில் புதிதாக இருக்கும் குக்கருக்கு முத்திரை உண்டு. பத்து வருஷம் பழகிய மூடிக்குள் போகும் அடுத்த வால்வை அந்த முத்திரை வந்து பார்க்காது. பழுதுபார்க்கும் உரிமை என்பதும், பழுதைப் பற்றிய அறிவு அடுப்படியில் நிற்பவர் கைக்கு வராதவரை, வாங்குகிறவனின் உரிமையாகத்தான் இருக்கும்.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரஸ் ஷாப்பில் ஒருவன் விரல் போனால் நாம் முதலில் கேட்பது, 'மெஷினுக்கு கார்டு இருந்துச்சா? கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்க?' அடுப்படி விபத்திலும் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்: வால்வு எப்போது மாற்றியது, எங்கே வாங்கியது, யார் பொருத்தியது. எங்கே போனாய் என்ற கேள்வியை நாம் நிறுத்திக்கொள்ளலாம். அந்த அக்கா எங்கேயும் போகவில்லை.