விகிதம் உயர்ந்தது, நாள் குறைந்தது: பாலின நிதிநிலை அறிக்கையில் நூறு நாள் வேலை

ஒன்றிய அரசு 2005-06 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் பாலின நிதிநிலை அறிக்கையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் அணுகிவந்திருக்கிறார்கள். மொத்தச் செலவில் பெண்களுக்கு எத்தனை விழுக்காடு? 2024-25இல் 3.27 லட்சம் கோடி ரூபாயாக இருந்த தொகை 2025-26இல் 4.49 லட்சம் கோடியானது, பங்கு 6.8 விழுக்காட்டிலிருந்து 8.86க்கு ஏறியது. இதை வளர்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு, போதாது என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அதே ஓராண்டில் அறிக்கைக்குக் கணக்குக் கொடுத்த அமைச்சகங்களும் துறைகளும் 38இலிருந்து 49 ஆயின. முன்பே நடந்துகொண்டிருந்த செலவைப் புதிதாக ஓர் அட்டவணையில் சேர்த்தாலும் விழுக்காடு கூடும் என்னும்போது, அதன் ஏற்ற இறக்கத்திலிருந்து கொள்கையின் போக்கைப் படிக்க முடியாது. இதை இதற்குமேல் வாதிடத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

வாதிடவேண்டியது இன்னொரு தரப்போடு. அறிக்கையின் மொத்தத் தொகையை நம்பாமல் வரிவரியாகத் திருத்த முனைந்த தரப்பு அது. பகுதி ‘அ’ முழுக்கவும் பெண்களுக்கான திட்டங்களுக்குரியது. பகுதி ‘ஆ’ குறைந்தது 30 விழுக்காடு பெண்களைச் சேரும் திட்டங்களுக்குரியது. அதற்கும் கீழே உள்ளவற்றுக்காக 2024-25இல் பகுதி ‘இ’ வந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கப்படும் ஊரக வீட்டுவசதித் திட்டம் பகுதி ‘அ’வில் நூறு விழுக்காடாக உட்கார்ந்திருப்பதை இவர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். மறுபக்கம், நூறு நாள் வேலை எனப்படும் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் பகுதி ‘ஆ’வில் குறைத்துக் காட்டப்பட்டதையும் கண்டுபிடித்தார்கள். முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டிவிட்டால் அறிக்கை சீராகிவிடும் என்பது அவர்கள் முடிவு. நான் மாறுபடுவது இரண்டாவது திருத்தத்தில். அது தவறான எண்ணை நீக்கிவிட்டு, அதைவிட நம்பத்தகுந்ததுபோல் தோன்றும் இன்னொரு தவறான எண்ணை வைக்கிறது.

முதலில் அவர்கள் கண்டதை ஏற்கவேண்டும். வேலை உறுதித் திட்டத்தின் ஒதுக்கீட்டில் பெண்களுக்குரியதாக அறிக்கை காட்டிய தொகை பல ஆண்டுகள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும் என்றது. திட்டவாரியாக எந்தக் கணக்கில் இந்த எண் வந்தது என்று அறிக்கை விளக்குவதில்லை என்பதால் நான் சொல்வது அனுமானமே. ஆனாலும் ஒரு விகிதம் இத்தனை ஆண்டுகள் சட்டத்தின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தால், அது களத்தில் எடுக்கப்பட்ட மதிப்பீடு அல்ல, சட்டவரியின் படிதான் என்று கொள்வதே பொருத்தம். வேலைத்தளத்தில் நிலைமை முற்றிலும் வேறு. செய்யப்பட்ட மனித நாள்களில் பெண்களின் பங்கு 2020-21இல் சுமார் 53 விழுக்காடு, 2023-24இல் சுமார் 59. தமிழ்நாட்டில் அது 80ஐத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. கேரளத்தில் 90ஐ ஒட்டி நிற்கிறது.

எனவே மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு 53ஐயோ 59ஐயோ போடுங்கள் என்கிறார்கள். 2020-21இன் திருத்திய மதிப்பீடு 1,11,500 கோடி ரூபாய். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 37,000 கோடி. 53 விழுக்காடு என்றால் 59,000 கோடி. ஒரே திருத்தத்தில் பெண்கள் கணக்கில் 22,000 கோடி கூடுகிறது. இந்தக் கூட்டல் எதைச் சொல்கிறது என்பதை நின்று பார்க்கவேண்டும்.

விகிதத்தை விட்டுவிட்டு நாள்களை எண்ணுவோம். 2020-21இல் நாடு முழுதும் சுமார் 389 கோடி மனித நாள்கள் உருவாயின. அதில் 53 விழுக்காடு என்றால் பெண்கள் செய்த வேலை ஏறத்தாழ 206 கோடி நாள். 2021-22இல் மொத்தம் சுமார் 363 கோடி, பெண்கள் பங்கு 55ஐ ஒட்டி. ஆக ஏறத்தாழ 199 கோடி நாள். 2022-23இல் மொத்தம் சுமார் 295 கோடி, பங்கு 57.5, ஆக ஏறத்தாழ 170 கோடி நாள். 2023-24இல் மொத்தம் 310 கோடியை ஒட்டி, பங்கு 59. ஏறத்தாழ 183 கோடி நாள். பெண்களின் விகிதம் இந்த நான்கு ஆண்டும் இறங்கவே இல்லை. ஆனால் தொடக்க ஆண்டைவிடக் கடைசி ஆண்டில் பெண்கள் கைக்கு வந்த வேலை சுமார் 23 கோடி நாள் குறைவு. கொரோனாக் காலத்து உச்சத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். 2019-20இன் மொத்தமே சுமார் 265 கோடிதான்; அதோடு ஒப்பிட்டால் பெண்களின் நாள்கள் கூடியிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. என் வாதம் வீழ்ச்சியைப் பற்றியதன்று. பெண்களின் வேலை சுருங்கிய ஆண்டுகளிலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு விகிதம், பெண்கள்மீது அரசுச் செலவின் தாக்கத்தை அளக்கும் கருவியாக இருக்க முடியாது.

விகிதம் ஏறியதன் காரணங்களில் ஒன்று மேற்கு வங்கம். சட்டத்தின் 27ஆம் பிரிவைக் கொண்டு 2022 மார்ச்சில் அந்த மாநிலத்துக்கான நிதி நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 36 கோடி மனித நாள்கள் நடந்த மாநிலம் அது. பெண்களின் பங்கு தேசியச் சராசரிக்குக் கீழே இருந்தது. கீழே இருந்த ஒரு பெரிய மாநிலம் கணக்கிலிருந்து விழுந்ததும் மற்றவற்றின் சராசரி தானாக மேலேறும். தேசிய விகிதத்தின் ஏற்றத்தில் ஒரு பகுதி அப்படி வந்ததே. வங்கத்துப் பெண்கள் இழந்த கோடிக்கணக்கான வேலைநாள்கள், நாட்டின் பெண்கள் முன்னேற்றமாக ஒரு தசமப் புள்ளியில் பதிவாகியிருக்கின்றன. இந்த விகிதத்தை நிதிநிலை அறிக்கையில் ஏற்றச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே ஏற்றச் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. சட்டம் உறுதியளித்த நூறு நாள் ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. வேலை அட்டை ஒன்று. அதில் கணவன் பெயர், மனைவி பெயர், சில வீடுகளில் மாமியார் பெயர். கணவன் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விட்டால் அட்டையில் விழும் நாள்களெல்லாம் மனைவியுடையவை, விகிதம் ஏறுகிறது. அவர் ஊர் திரும்பினால் இறங்குகிறது. இரண்டு நிலையிலும் அரசு செலவழித்தது ஒன்றே. ஆண்கள் ஒதுங்கியதால்தான் பெண்கள் வந்தார்கள், ஆகவே இது பெண்களுக்கான பலனே அல்ல என்று இதிலிருந்து சிலர் தாவுவது ஏற்கத்தக்கதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது நம் கிராமங்களின் களையெடுப்பும் நாற்று நடவும் கண்டிராத ஒன்று. அந்தக் கூலி, 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய், ஒரு பெண் தன் கையில் வாங்கும் பணம். அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. அது எவ்வளவு என்று சரியாகச் சொல்லவேண்டும் என்பதே என் அக்கறை.

சரியாகச் சொல்வதென்றால் மனித நாளின் விகிதம் கூலிக்கு மட்டுமே பொருந்தும். திட்டச் செலவில் கூலியும் பொருளும் 60க்கு 40 என்ற வரம்புக்குள் நடக்கவேண்டும் என்பது விதியாக இருந்தது. சிமெண்ட், கம்பி, ஜல்லி வாங்கிய பணத்தில் 59 விழுக்காடு பெண்களுக்குப் போனது என்று எந்தக் கணக்கில் எழுதுவது? அடுத்து, உண்டாக்கப்பட்ட சொத்து. தனியார் நிலத்தில் பண்ணைக்குட்டையும் வரப்பும் கிணறும் இத்திட்டத்தில் அமைக்கப்பட்டன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் கையில் இருந்தவை ஏறத்தாழ 14 விழுக்காடு. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்; குட்டையில் தேங்கிய நீர் பாய்ந்த வயல்களில் பெரும்பாலானவை ஆண்கள் பெயரில். ஒரே ரூபாய் கூலியாகப் பெண்ணிடமும் சொத்தாக ஆணிடமும் போகிறது. இரண்டையும் ஒரே விகிதத்தால் பெருக்கி வரும் தொகையைப் பாலின நிதிநிலை என்று அழைப்பதைவிட, கூலி, பொருள், சொத்து என்று மூன்றாகப் பிரித்து மூன்றுக்கும் தனித்தனி விகிதம் எழுதுவதே நேர்மை. ஊர்ப் பொதுவான ஏரி, சாலை வேலைகளுக்கு இந்தச் சொத்துக் கணக்கு இன்னும் கடினம்; அவற்றைப் பிரிக்காமல் விட்டுவிடலாம்.

இதுவரை பேசியது பணம். நேரத்தைப் பற்றி அறிக்கையில் இடமே இல்லை. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை செல்பேசிச் செயலியில் தொழிலாளர்களைப் படமெடுத்து வருகை பதியவேண்டும் என்ற விதி கட்டாயமானது. அதற்கு முன் ஏரிவேலையில் கூலி என்பது பெரிதும் வெட்டிய குழியின் அளவைப் பொறுத்தது. நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. விடியலில் வந்து வெயில் ஏறுமுன் தங்கள் அளவை முடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டவும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போடவும் வீட்டுக்குப் போன பெண்கள், விதிக்குப் பிறகு இரண்டாவது படத்துக்காகக் கரையிலேயே காத்திருக்கவேண்டியதாயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்துபேர் தளத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது எத்தனை தளங்களில் நடந்தது என்பதை நூறு நாள் வேலைக்குப் போன எந்தத் தாயிடமும் கேட்கலாம். செயலி விதியால் நிதிநிலையின் எந்த வரியும் மாறவில்லை. ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல், பெண்ணின் நாளில் சில மணி நேரம் எடுக்கப்பட்டது. ஆணுக்கும் அதே விதிதான் என்பது பதிலாகாது. வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கவேண்டிய கட்டாயம் இருவருக்கும் ஒன்றல்ல.

வருகைப் பட்டியலில் போலிப் பெயர்கள் உண்டு, அதை நம்பி எப்படிக் கணக்கிடுவது என்பது வழக்கமான மறுப்பு. சமூகத் தணிக்கையின் வேலையை நிதிநிலை ஆய்வின்மேல் சுமத்துகிற மறுப்பு அது. மேலும் 59 விழுக்காடும் அதே பட்டியலிலிருந்து வந்ததுதான். இத்தனை பிரிவினை நிர்வாகத்துக்குச் சுமை என்பார்கள். பெயர், பால், நாள், கூலி, பணியின் வகை அனைத்தும் திட்டத்தின் கணினிப் பதிவேட்டில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்தன.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குடும்பத்துக்கு 125 நாள் என்று அது அறிவிக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் தருகிறது. வயல்கூலியில் ஆணைவிடக் குறைவாகப் பெறும் பெண்ணுக்கு அந்த 60 நாளில்தான் மாற்று வேலை தரும் பேரம்பேசும் வலிமை தேவை. அலகு இன்றும் குடும்பமே. ஆகவே புதிய திட்டத்தின் விகிதமும் ஏறக்கூடும், பழையபடியே அது கொண்டாடப்படவும் கூடும். நிதி அமைச்சகம் இப்போதாவது பகுதி ‘ஆ’வில் ஒவ்வொரு விகிதத்துக்கும் பக்கத்தில் அது எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், பெண்கள் செய்த மொத்த நாள்கள் எத்தனை என்றும் அச்சிடவேண்டும். அதுவரை அந்த விகிதத்தை மேற்கோள் காட்டுவதை நம் துறையினர் நிறுத்திவைக்கவேண்டும்.