பப்ளிக் ஸ்கூல்: பெயரில் பொது, சட்டத்தில் தனி

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் கைநிறையக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அரசு நடத்துவது 'ஸ்டேட் ஸ்கூல்'. பொது என்ற சொல் தனியாரிடம் போய்ச் சேர்ந்த கதையை லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் வரலாறு நன்றாகவே சொல்கிறது.

செயின்ட் பால் பேராலயத்தின் டீன் ஜான் காலெட், தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1509-இல் நிறுவிய பள்ளி இது. அக்காலத்தில் வசதியான வீடுகளுக்கு ஆசிரியரே வந்து பாடம் சொன்னார், அது 'பிரைவேட்'. வீட்டுக்கு வெளியே, எந்த ஊர்ப் பிள்ளையானாலும் சேர்த்துக்கொண்டு நடத்தியது 'பப்ளிக்'. அரசு என்ற பொருள் அதில் இல்லை. காலெட்டும் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சேரலாம் என்றே விதி எழுதினார். நிர்வாகத்தைத் திருச்சபையிடம் விடாமல், மெர்சர்ஸ் கம்பெனி என்னும் துணி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்தார்.

இடங்கள் 153. பைபிளில் பேதுருவின் வலையில் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை அது. உதவித்தொகை பெறும் மாணவர்கள் இன்றும் வெள்ளி மீன் சின்னம் அணிகிறார்கள். படிப்பு இலவசம். சேரும்போது தரும் நான்கு பென்னியும் பள்ளியைப் பெருக்கும் ஏழை மாணவனுக்குப் போனது. ஆனால் வெளிச்சத்துக்குக் கொழுப்பு மெழுகுவர்த்தி கூடாது, தேன்மெழுகுதான் வேண்டும், அதுவும் வீட்டார் செலவில் என்றது விதி. தேன்மெழுகு விலை கூடியது. காலை ஏழு முதல் பதினொன்று, பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு. சாப்பாடும் படுக்கையும் வீட்டில். 'டே ஸ்கூல்' என்பதன் பொருள் இவ்வளவுதான். இடையில் கிடைக்கும் விடுமுறைக்கு 'ரெமடி' என்று பெயர். அரசரோ பிஷப்போ நேரில் வந்து கேட்டாலொழிய, அதைத் தரும் ஆசிரியருக்கு நாற்பது ஷில்லிங் அபராதம்!

1861-இல் அமைந்த கிளாரண்டன் ஆணையம் ஒன்பது பெரும் பள்ளிகளை ஆராய்ந்தது. ஏழு விடுதிப் பள்ளிகள். செயின்ட் பால்ஸும் மெர்ச்சன்ட் டெய்லர்ஸும் பகல்நேரப் பள்ளிகள். அதன்பின் வந்த 1868-ஆம் ஆண்டின் பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் இவ்விரண்டையும் சேர்க்கவில்லை. தங்கள் அமைப்பு சட்டப்படி தனியாருடையது என்று இரண்டும் வாதாடித் தப்பின. ஊர் 'பப்ளிக்' என்று அழைத்த பள்ளி, நாடாளுமன்றத்தின் பிடி நெருங்கியதும் 'பிரைவேட்' ஆனது. அச்சட்டத்தில் இடம்பெற்றவை விடுதிப் பள்ளிகளே என்பதால், பப்ளிக் ஸ்கூல் என்றதும் விடுதி வாழ்க்கையே பலர் நினைவுக்கு வரலாயிற்று.

1884-இல் பள்ளி ஹாமர்ஸ்மித்துக்கும், 1968-இல் தேம்ஸின் மறுகரையில் பார்ன்ஸுக்கும் இடம்பெயர்ந்தது. கட்டணம் செலுத்துவோர் பெருகினர். 153 என்ற எண் உதவித்தொகைக்குரியதாகச் சுருங்கியது. யாரும் நுழையலாம் என்பதைச் சொல்ல வந்த பெயர், நுழைவுக்கு விலை வந்தபின்னும் மாறவில்லை. இந்தியாவுக்கு வந்தது இந்தப் பிந்தைய பொருள்தான். 1935-இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளி அந்த ஆங்கிலேய மாதிரியில் எழுந்தது. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் உள்ள 'பப்ளிக்' அந்த வழியில் வந்ததே, காலெட்டின் விதியிலிருந்து அல்ல.