இளம் ஹாக்கி வீரர் தெரிவு

இளம் ஹாக்கி வீரர் தெரிவு என்பது, பள்ளிப் பருவத்திலேயே ஆட்டத்திறன் புலப்படும் சிறாரைக் கண்டறிந்து முறையான பயிற்சிக்குள் கொண்டுவரும் நடைமுறையாகும். பெருந்துறை உள்ளிட்ட கொங்கு வட்டார மாணவர்க்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு இதற்கான முக்கிய வாயிலாக உள்ளது. ஓட்டவேகம், தாங்குதிறன் ஆகியவற்றை எளிதில் அளந்துவிடலாம். ஆயின் பந்து மட்டையைச் சேருமுன்னரே சக ஆட்டக்காரர் நிற்குமிடத்தை நோக்கி அடுத்த நகர்வைத் தீர்மானிக்கும் ஆட்டவுணர்வைப் பல ஆட்டங்களில் கூர்ந்து நோக்கியே அறிய இயலும் என்பதால், ஒருநாள் தேர்வு மட்டும் போதுமானதன்று. ஒரே வயதுப்பிரிவில் முன்னதாக வளர்ந்தோர் வலிமையால் முந்துவதும், தாமதமாக வளரும் திறமையாளர் விடுபடுவதும் இம்முறையின் பெருங்குறை. இக்குறை இருப்பினும், இவ்விடுதிகள் வழியே இந்திய அணியை எட்டியோரும் உண்டு: கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் 2022இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினர்.